கடலைக் களத்துத் தூசியும் மூக்கடைப்பும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை வட்டாரங்களில் நிலக்கடலை முக்கியமான பயிராகும். கடலையை ஆய்ந்து, உலர்த்தி, தூற்றி மூட்டை பிடிக்கும் நாட்களில் களத்தில் பலருக்கும் தும்மலும் மூக்கு ஒழுகலும் இருப்பதைக் காண்கிறோம். "தூசு பட்டுவிட்டது, நாலு நாளில் போய்விடும்" என்பார்கள். பெரும்பாலும் போயும் விடுகிறது. சிலருக்குத்தான் அது மூக்கடைப்பாகவும், நெற்றி வலியாகவும், ஆண்டுக்கணக்கில் தொடரும் சைனஸ் தொல்லையாகவும் மாறுகிறது. காற்று மாசு என்றதும் நகரத்து வண்டிப் புகையையே நினைக்கிறோம். களத்துக் காற்றும் கெடுகிறது என்பதை உழவர் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

மூக்கின் உட்சுவரில் சளிப்படலமும், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்களும் உள்ளன. உள்ளே வரும் தூசு சளியில் ஒட்டிக்கொள்கிறது. நுண்மயிர்கள் அச்சளியை நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. மூக்கைச் சுற்றி நெற்றியிலும் கன்னத்திலும் எலும்புக்குள் அமைந்த காற்றறைகளே சைனஸ்கள். கன்னத்து அறையின் வாசல் அடியில் இல்லை, மேல்பாகத்தில் இருக்கிறது. எனவே தேங்கிய சளி தானாக வடியாது. நுண்மயிர்கள்தான் அதை மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். தூசினால் மூக்கு வீங்கி வாசல் அடைபட்டால் சளி உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகிறது. அடுப்புப் புகை நுண்மயிர்களின் இயக்கத்தையே மந்தப்படுத்தும். பகலில் களத்திலும், காலை மாலையில் தைலமர விறகு, முந்திரி விறகு எரியும் அடுப்படியிலும் இருக்கும் பெண்களுக்கு இது இரட்டைச் சுமை.

கடலைத் தூசியில் மண்ணும் சருகும் மட்டும் இல்லை. ஈரக் கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் படரும் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணத்தின் வித்துக்களும் அதில் உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. அதற்குக் காரணமான அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கியது இப்பூசணமே. நஞ்சைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே பூசணம்தான் நம் நாட்டில் சைனஸ் பூசண நோய்களில் மிகுதியாகக் காணப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூக்கில் சதை வளர்ந்து, பிசின் போன்ற கெட்டிச் சளி சேரும். அரிதாகச் சிலருக்குப் பூசணம் மெல்ல மெல்லக் கண்குழி வரை பரவுவதும் உண்டு. 2021-ல் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோய் வேறு. அது சில நாட்களிலேயே முற்றிவிடும்.

ஆகவே மூக்கைக் காக்கும் வேலை கடலையை உலர்த்துவதில் தொடங்குகிறது. பிடுங்கிய காயில் சுமார் 40 சதவீதம் ஈரம் இருக்கும். அதை 8 சதவீதத்திற்குக் கொண்டுவந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு உருளும் ஓசை கேட்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். ஆடிப்பட்டக் கடலை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும்போதுதான் சிக்கல். அப்போது குவித்து மூடி வைக்காமல், கொட்டகையில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் கிளறிவிடுவது நல்லது. கடைசி மாதத்தில் வறட்சி கண்ட பயிரில் பூசணம் நிலத்திலேயே ஏறிவிடும். கிணற்றில் நீர் இருந்தால் அப்போது ஒரு தண்ணீர் கொடுக்கலாம். பருப்பு உடையாதிருக்க, இயந்திரத்தில் போடுமுன் காயின் மேல் நீர் தெளிக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இதைக் கைவிட வேண்டும். பருப்பு இரண்டாக உடைவதைவிடப் பூசணம் பிடிப்பதே பெரிய நட்டம்.

தூற்றும்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நிற்க வேண்டும். மூக்கில் கட்டும் துண்டு பெருந்தூசியைத் தடுக்கும்; ஆயிரத்தில் சில பங்கு மில்லிமீட்டரே உள்ள பூசண வித்தைத் தடுக்காது. அதற்கு எண்-95 முகக்கவசமே ஏற்றது. பூசணம் பிடித்த பழைய மூட்டைகளை மூடிய அறையில் உதறுவதோ பெருக்குவதோ கூடாது.

வேலை முடிந்ததும் மூக்கை உப்பு நீரால் கழுவலாம். கொதித்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ காய்ச்சாமல் மூக்கில் விடக்கூடாது. கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பு அதிகமாகும். பத்து நாட்களுக்கு மேலும் சளி குறையாதிருந்தாலோ, ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றச் சளி வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண் வீங்கினாலோ, வலியில்லாமல் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம். என்ன தொழில் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும், கடலைக் களத்தில் வேலை என்பதை நாமே சொல்லிவிட வேண்டும்.