மந்தை நாய்க்கு மருந்து கொடுக்குமுன்

ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய தேசங்களில் செம்மறியாடு வளர்க்கும் குடியானவர்களுக்கு நாயின் உதவி இன்றியமையாதது. நன்கு பழகிய நாய் ஒன்று இருப்பின், பல ஆட்கள் ஓடி மடக்க வேண்டிய மந்தையை ஒரே மேய்ப்பன் மடக்கிப் பட்டியில் சேர்த்துவிடுவான். அத்தகைய நாயைப் பழக்குவதற்கு நெடுங்காலம் பிடிக்கிறது. அதை ஒரு வேளை மருந்தினால் இழப்பது பெரு நஷ்டமாகும். இந்நஷ்டத்தை முன்கூட்டியே அறிந்து தடுக்கும் வழி இப்பொழுது உண்டு.

அபாயம் தெரியவந்த விதம்

ஜப்பான் தேசத்து மண்ணில் ஸதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஐவர்மெக்டின் என்னும் மருந்து உண்டாயிற்று. இது 1981 முதல் கால்நடைகளின் குடற்புழு, சொறி முதலியவற்றிற்கு விற்பனைக்கு வந்தது. இதன் பொருட்டு ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மருந்து சிறந்ததே. ஆயினும், மற்ற நாய்களுக்கு யாதொரு தீங்கும் செய்யாத அளவே கோலி ஜாதி நாய்களுக்கு விஷமாவது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அவை தள்ளாடின, எச்சில் ஒழுக்கின, கண்மணி விரிந்து பார்வை மங்கின, நடுக்கமுற்று நினைவிழந்து சில இறந்தன.

காரணம்

இதன் காரணத்தை அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2001இல் கண்டறிந்தனர். பள்ளமான வயலில் புகும் நீரை இறைகூடையால் உடனுக்குடன் வெளியேற்றுவது போல, மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரோட்டீன், உட்புகும் சில மருந்துகளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இப்புரோட்டீனை அமைப்பது எம்.டி.ஆர்.1 என்னும் ஜீன், அதாவது பெற்றோரிடமிருந்து வரும் மரபுக்கூறு. அதில் நான்கு எழுத்துக்கள் விடுபட்டுப் போயின், பட்டாவில் எழுத்து விடுபட்டுப் பின்வரும் வரி பொருளற்றுப் போவது போல, புரோட்டீன் முற்றுப் பெறுவதில்லை. இறைப்பு நின்றுவிடவே, மருந்து மூளையில் தேங்குகிறது.

இக்குறை பிரிட்டனில் வாழ்ந்த ஒரே மூதாதை நாயிடமிருந்து பல ஜாதிகளுக்கும் பரவியதென்று 2004இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. அமெரிக்காவில் செய்த பரிசோதனைகளில், கோலி நாய்களில் 10க்கு ஏறக்குறைய 7ம், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு நாய்களில் பாதியும் இக்குறையைத் தாங்கியிருந்தன. பார்டர் கோலியில் இது 100க்கு 5க்கும் குறைவு. இந்தியாவிலும் காவலுக்கு வளர்க்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டு ஜாதியிலும் இக்குறை உடையவை சில உண்டு.

தோற்றத்தால் அறிய இயலாது

வெள்ளைக் கால் நாய்க்கு இம்மருந்தைக் கொடாதே என்று மேல்நாடுகளில் ஒரு சொல் வழங்குகிறது. எச்சரிக்கை என்ற அளவில் இது பயனுள்ளதே. ஆயினும் காலின் நிறத்திற்கும் இந்த ஜீனுக்கும் சம்பந்தமில்லை. ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளில் ஒன்று குறையுடையதாகவும் மற்றொன்று குறையற்றதாகவும் இருக்கலாம். ஆதலால் பரிசோதனையே உறுதியான வழியாகும்.

கன்னத்தின் உட்புறத்தைச் சிறு தூரிகையால் தேய்த்தெடுத்தோ, சிறிது இரத்தம் எடுத்தோ பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். பிறவியில் அமைந்த ஜீன் வயதினால் மாறாதாகையால், ஆயுளில் ஒருமுறை செய்தாற் போதும். தாய் வழி, தந்தை வழி ஆகிய இரண்டு கூறுகளும் நல்லவையாயின் அது குறையற்ற நாய். இரண்டும் கெட்டவையாயின் அபாயம் மிகுதி. ஒன்று மட்டும் கெட்டதாயின் அபாயம் குறைவெனினும் முற்றிலும் இல்லையென்று சொல்வதற்கில்லை.

இனவிருத்தியில் கவனிக்க வேண்டியது

கெட்ட கூறுடைய நாய்களை ஒரேயடியாகக் கழித்துவிடலாமே என்று தோன்றலாம். பத்தில் ஏழைக் கழித்தால் எஞ்சிய சில நாய்களையே நெருங்கிச் சேர்க்க நேரிட்டு, வேறு குறைகள் தலையெடுக்கும். நல்ல வேலைத்திறனும் அழியும். ஒரு கெட்ட கூறுடைய நாயைக் குறையற்ற நாயுடன் சேர்த்தால், குட்டிகளில் சராசரி பாதி குறையற்றவையாயிருக்கும். இரண்டும் கெட்ட குட்டி பிறவாது. அக்குட்டிகளைப் பரிசோதித்து, வேலைத்திறனும் உள்ள குறையற்றவற்றைத் தாயும் தந்தையுமாகத் தெரிந்தெடுத்து வந்தால், சில தலைமுறைகளில் குறை படிப்படியாகக் குறையும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

1. ஆட்டுக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் கொடுப்பது வழக்கம். 40 கிலோ ஆட்டுக்கு இது 8 மில்லிகிராம் ஆகிறது. இரு கூறும் கெட்ட நாய்க்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் அளவிலேயே தீங்கு நேரலாம். எனவே 20 கிலோ நாய்க்கு 2 மில்லிகிராம், அதாவது ஓர் ஆட்டின் மருந்தில் காற்பங்கே, விஷமாகக்கூடும். 500 கிலோ குதிரைக்குரிய மருந்திலோ இது ஐம்பதில் ஒரு பங்குதான்.

2. ஆகவே ஆட்டுக்கோ குதிரைக்கோ இம்மருந்து கொடுக்கும்போது நாயைக் கட்டிவைத்தல் வேண்டும். சிந்திய மருந்தைக் கழுவிவிட்டு, காலிக் குழாய்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும். மருந்துண்ட குதிரையின் சாணத்தை நாய் தின்னாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. இருதயப் புழுவைத் தடுக்க மாதந்தோறும் நாய்க்குக் கொடுப்பது கிலோவுக்கு ஏறக்குறைய 6 மைக்ரோகிராமே. இது குறையுடைய நாய்க்கும் தீங்கு செய்யாது. பயந்து நிறுத்த வேண்டுவதில்லை. ஆனால் கால்நடைக்கான மருந்தை உத்தேசமாகப் பிரித்து நாய்க்குக் கொடுத்தல் கூடாது.

4. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு, மயக்கத்திற்கான அசிப்ரோமசீன், கட்டிகளுக்குச் செலுத்தும் வின்கிரிஸ்டின் ஆகியவையும் இந்த ஜீனைப் பொறுத்தவையே. பரிசோதனை முடிவைக் கால்நடை வைத்தியரிடம் முன்னதாகவே காட்டினால், அவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து கொடுப்பார்.

5. மேற்சொன்ன குறிகள் தோன்றின் தாமதமின்றி வைத்தியரை நாடுதல் வேண்டும். இதற்கெனத் தனி மாற்று மருந்தில்லை. ஆயினும் உணவும் நீரும் செலுத்திப் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில், பொறுமையுடன் பராமரித்தால் பிழைப்பதுண்டு.

ஒரே மருந்து ஒரே அளவில் எல்லாப் பிராணிக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. மந்தையைக் காக்கும் மருந்து அம்மந்தையின் காவலைக் கெடுக்காதிருக்க வேண்டுமானால், நாயின் பிறவிக்குணத்தை முதலில் அறிந்து, பின்னரே மருந்தைக் கையிலெடுத்தல் வேண்டும்.