வாரம் ஒரு நாள் மட்டும்: முடக்குவாத மருந்துகளைப் பற்றி

முடக்குவாதம் மூட்டுத் தேய்மானத்தால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது. ஆதலால் வலி மாத்திரை வலியைத் தணிக்குமேயன்றி, எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்காது. நோய் உறுதியானவுடனேயே அதன் போக்கை மாற்றும் மருந்துகளை நாங்கள் தொடங்குவதன் காரணம் இதுவே.

அவற்றுள் முதலாவது மெத்தோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1920களில் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து அது. முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்திற்கும் ஒப்புதல் பெற்றது. இணையத்தில் ‘புற்றுநோய் மருந்து’ என்று கண்டு அஞ்சி நிறுத்திவிடுவோர் உண்டு. மூட்டு நோய்க்குத் தரப்படும் அளவு மிகக் குறைவு என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

ஆனால் ஒன்றில் அச்சம் தேவை. இம்மருந்தை வாரத்தில் ஒரே நாள்தான் உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும். இரத்த அணுக்கள் சரியும். உயிருக்கே ஆபத்து நேரும். இதனுடன் தரப்படும் ஃபோலிக் அமிலமும் பல வேளைகளில் இதே போன்ற சிறிய மஞ்சள் மாத்திரையாக இருப்பதால் குழப்பம் எளிதில் நிகழ்கிறது. எனவே ஞாயிறு என்றால் ‘ஞாயிறு’ என்று அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள். பார்வை மங்கிய முதியோர்க்கு வீட்டார் எடுத்துக் கொடுப்பதே நலம். கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரை கொடுத்தால், பெயரோடு மில்லிகிராம் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு மருத்துவரிடம் சென்றால், இம்மருந்தை உண்பதைச் சொல்லுங்கள். கோட்ரைமாக்சசோல் இதனோடு சேரவே கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலுடன் மூச்சுத் திணறல் தோன்றினால் அடுத்த வேளை மருந்தை நிறுத்தி உடனே வாருங்கள்.

இதன் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை வலியைத் தாங்குவதற்காகவே சிறிதளவு பிரெட்னிசோலோன் தருகிறோம். சில நாள்களிலேயே சுகம் தருவதால், பழைய சீட்டைக் காட்டி இதை மட்டும் வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்போர் உள்ளனர். சர்க்கரை ஏறுவதும் எலும்பு வலுவிழப்பதும் அதன் விலை. நெடுநாள் உண்டவர்கள் திடீரென நிறுத்துவதும் தீங்கே.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் உண்போர்க்குத் தொடக்கத்திலும், பின்னர் உரிய காலங்களிலும் கண் பரிசோதனை தேவை. குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் முன்கூட்டியே எங்களிடம் கூற வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்லூனமைடு இரண்டும் கருவுக்குக் கேடு செய்வன. மாற்று மருந்துகள் இருக்கின்றன.

இவற்றால் நோய் அடங்காதபோதே உயிரியல் ஊசிகளையும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளையும் எண்ணுகிறோம். அவற்றுக்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். 1928இல் தாம்பரத்தில் காசநோய்க்கெனத் தனி மருத்துவமனை எழுந்த வட்டாரம் இது. அந்நோய் நம்மைவிட்டு இன்னும் அகலவில்லை. உடலில் உறங்கிக் கிடக்கும் கிருமியை இம்மருந்துகள் எழுப்பிவிடக்கூடும்.

கேளம்பாக்கத்திற்கு வரும்போது, அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், காலியானவை உட்பட, ஒரு பையில் இட்டுக் கொண்டுவாருங்கள்.