ஈரச் சுவரில் எழுதிய ஓவியம்

பொங்கல் திருநாளுக்கு முன் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுதல் குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களின் நெடுநாள் வழக்கம். கொத்தர் குழைக்கும் சுண்ணாம்புச் சாந்து, ஈரமாயிருக்கும்போது வெண்ணெய்போல் நெகிழும். உலர்ந்தபின் கல்லைப்போல் இறுகும். எளிய இவ்வியல்பினையே துணையாகக் கொண்டு, காலத்தை வென்ற ஓவியங்களைப் படைத்தனர் பண்டைக் கலைஞர். இத்தாலியிலும் தமிழகத்திலும் சிறந்து விளங்கிய அக்கலையின் நுட்பங்கள் அறியத்தக்கன.

சுவரோவியம் இரு வகைப்படும். சாந்து உலருமுன் வண்ணம் தீட்டுவது ஈரச்சுதை ஓவியம். உலர்ந்த சுவரின்மேல், பசையோ முட்டைக்கருவோ கலந்த வண்ணத்தால் தீட்டுவது உலர்சுதை ஓவியம். முன்னதனை இத்தாலியர் ‘பிரெஸ்கோ’ என்பர். புதியது என்பது அச்சொல்லின் பொருள். இதற்குப் பசை வேண்டுவதில்லை. நீரில் குழைத்த வண்ணப்பொடி ஈரச் சாந்தினுள் ஊறும். நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடையும். அப்போது வண்ணத் துகள்கள் அதனுள் சிறைப்பட்டு நிற்கும். சாந்து நிலைக்கும் வரை வண்ணமும் நிலைக்கும்.

ஆயினும் இம்முறை எளிதன்று. சாந்தின் ஈரம் சில மணி நேரமே நிற்கும். ஆகவே ஒரு நாளில் தீட்டி முடிக்கத்தக்க இடத்திற்கே ஓவியர் சாந்து பூசுவர். அப்பகுதிக்கு இத்தாலியர் இட்ட பெயர் ‘ஜோர்னாத்தா’; ‘ஒரு நாட்பணி’ எனலாம். பிழை நேரின், சாந்தினைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசுதல் வேண்டும். மைக்கேலாஞ்சலோ, வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை 1508 முதல் 1512 வரை இவ்வாறே பகுதி பகுதியாகத் தீட்டினார். லியனார்டோ டா வின்சியோ, எண்ணி எண்ணித் திருத்தி வரைய விரும்பினார். அதனால் மிலான் நகரில், 1495 அளவில் தொடங்கிய ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தை உலர்ந்த சுவரில் தீட்டினார். அவ்வண்ணம் அவர்தம் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கிற்று.

மைக்கேலாஞ்சலோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழர் இக்கலையில் தேர்ந்திருந்தனர். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயில் 1010இல் நிறைவுற்றது. அதன் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் சோழர்கால ஓவியங்கள் உள்ளன. பிற்காலத்தில் நாயக்கர் ஆட்சியில், அவற்றின்மேல் புதுச் சாந்து பூசி வேறு ஓவியங்கள் எழுதப்பட்டன. அதனால் பழையவை மறைந்தே போயின. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, 1931இல் அவற்றைக் கண்டு உலகிற்கு உணர்த்தினார். சுந்தரர் வெள்ளானைமீது கயிலை ஏகுதலும், சேரமான் பெருமாள் குதிரைமீது விரைதலும், சிவபெருமான் முப்புரம் எரித்தலும், தில்லைக் கூத்தனின் திருக்கோலமும் அங்கே திகழ்கின்றன. சென்னை அருங்காட்சியகத்து வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அச்சாந்தினையும் வண்ணத்தையும் ஆராய்ந்து, அவை ஈரச்சுதை ஓவியங்களே என்று நிறுவினார்.

இங்கே ஓர் இடர் எழுந்தது. கீழுள்ளதும் கலைச்செல்வம், மேலுள்ளதும் கலைச்செல்வம். ஒன்றைக் காண்பதற்காக மற்றொன்றை அழித்தல் தகுமோ? தொல்லியல் துறையினர், நாயக்கர்கால ஓவியங்கள் சிலவற்றைச் சாந்துப் படலத்தோடு பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். இருகாலத்துக் கலையும் பிழைத்தன.

குறிஞ்சிப்பாடியிலிருந்து தெற்கே சென்றால், சிதம்பரத்தில் சிவகாமசுந்தரி அம்மன் கோயிலின் மண்டப விதானத்தில் நாயக்கர்கால ஓவியங்களைக் காணலாம். பிச்சாடனர், மோகினி ஆகியோரின் கதை அங்கு வரிசை வரிசையாக எழுதப்பட்டுள்ளது. உரோமை நகரின் புனித இஞ்ஞாசியார் ஆலய விதானத்திலோ, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆந்திரேயா பொசோ என்பார் ‘பரோக்’ பாணியில் வேறொரு விந்தை புரிந்தார். அண்மைப் பொருளைப் பெரிதாகவும் சேய்மைப் பொருளைச் சிறிதாகவும் வரைந்து ஆழம் தோற்றுவிக்கும் தொலைநோக்கு முறையால், விதானம் திறந்து வானம் தெரிவதுபோல் காட்டினார். உரோமையில் குறித்த ஓரிடத்தில் நிற்பார்க்கே காட்சி முழுதும் பொருந்தும். சிதம்பரத்திலோ அண்ணாந்து நடப்பார்க்கே கதை விளங்கும். இரண்டும் இருவகைக் கலைமரபு. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தாழ்த்துதல் முறையன்று.

பழங்கோயில்களில் திருப்பணி என்னும் பெயரால் ஓவியத்தின்மேல் வெள்ளையடித்தாரும் உண்டு. ஆணியால் தம் பெயரைக் கீறினாரும் உண்டு. அறிந்தார் கையில் ஓவியத்தைக் காத்த சுண்ணாம்பு, அறியார் கையில் அதனை மூடும் திரையாயிற்று. ஒரு நாட்பணியாய் முடித்த ஓவியம் ஆயிரம் ஆண்டு நிற்கிறது. அதனை ஒரு நாழிகையில் அழித்துவிடலாம். ஆதலின், கோயிற்சுவரின் முன் நிற்கும்போது கண்ணால் காண்க; கையால் தீண்டற்க.

அருஞ்சொற்பொருள்

சுதை – சுண்ணாம்புச் சாந்து. விதானம் – மேற்கூரையின் உட்புறம். ஏகுதல் – செல்லுதல். சேய்மை – தொலைவு.

வினாக்கள்

1. ஈரச்சுதை ஓவியத்தில் வண்ணம் நிலைபெறுவது எங்ஙனம்?
2. ‘ஒரு நாட்பணி’ என்பது யாது? அதன் தேவை என்ன?
3. தஞ்சையில் இருகாலத்து ஓவியங்களும் காக்கப்பட்ட வகையை விளக்குக.