கேள்வி சரி, விடை சரியா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தமிழ்நாட்டின் சிறு நகரத்துப் பூங்கா ஒன்றில் நுழைந்தால், ஓரமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். நடுவில் முனை மடங்கிப்போன கைடு, சுற்றிலும் நாலைந்து பேர். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள். ஒருவன் கேட்க, மற்றவர்கள் சொல்ல வேண்டும். “மாப்ள, உலகத்துலயே ரெண்டாவது நீளமான பீச் எது?” என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் மூன்று குரல்கள் “மெரினா!” என்று முந்திக்கொள்ளும். தோற்றவன் தலையில் அன்றைய டீச் செலவு.

இந்த விளையாட்டு பூங்காவோடு நிற்பதில்லை. ஹாஸ்டல் மொட்டை மாடி, இரவு ரயில், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரம் என்று எங்கும் நடக்கிறது. வயது வித்தியாசமும் கிடையாது. நல்ல விளையாட்டுதான். ஆனால் பதில் சொல்பவனைத்தான் எல்லோரும் சோதிக்கிறார்கள். கேட்பவன் கையில் இருக்கும் விடையை யாரும் சோதிப்பதில்லை. அதனால்தான் சில தப்பான விடைகள் அப்பா காலத்தில் வாங்கிய ‘டிக்’கை மகன் காலத்திலும் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

“மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை”

இந்த விடையைக் கவிழ்க்க ஒரு ஸ்கேல் போதும். மெரினா என்பது புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகிலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் வரை சுமார் 6 கி.மீ. நீள மணல்வெளி. தெற்கே இன்னும் இழுத்துச் சேர்த்து 13 கி.மீ. என்று எழுதுவோரும் உண்டு. அப்படியே வைத்துக்கொள்வோம். இதே கேள்வியில் முதலிடம் தரப்படும் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரையின் நீளம் சுமார் 120 கி.மீ. 120க்கு அடுத்த இடத்தில் 13 நிற்க வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவில் உலகத்தில் வேறு மணலே இருக்கக் கூடாது.

இருக்கிறது, ஏராளமாக. நியூசிலாந்தில் ‘நைன்டி மைல் பீச்’ என்று ஒன்று உண்டு. பெயரில் தொண்ணூறு மைல் இருந்தாலும் அளந்தால் சுமார் 88 கி.மீ.தான், அதாவது 55 மைல். பெயர் வைத்தவர் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். ஆனாலும் மெரினாவைப் போல ஆறு மடங்குக்கு மேல் அதற்குள் அடங்கும். பிரேசிலின் தென்கோடியில் இருக்கும் காசினோ கடற்கரையோ 200 கி.மீ.க்கு மேல் நீள்வதாகக் கணக்கு சொல்கிறார்கள். அப்படியானால் காக்ஸ் பஜாரின் முதலிடமே ஆட்டம் காண்கிறது, மெரினாவின் இரண்டாமிடத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ‘நகர்ப்புறக் கடற்கரைகளில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து மெரினாவைக் காப்பாற்றுவோர் இருக்கிறார்கள். அப்போதும் எது நகர்ப்புறம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வழக்கு மிச்சமிருக்கும். ஒற்றை வரி வினாவுக்கு அது தாங்காது.

“தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது”

இது மெரினாவைவிடப் பிடிவாதமானது. மெரினாவை அளக்கவாவது கொஞ்சம் நடக்க வேண்டும். இதற்குத் தஞ்சாவூருக்குப் போய் நின்று பார்த்தாலே போதும். கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் விமானத்தின் நிழல் மேற்கே, பின்பக்கப் பிராகாரத்தில் படுத்துக் கிடக்கும். பொழுது சாயச் சாயக் கிழக்கே மண்டபம், நந்தி இருக்கும் பக்கமாக நீளும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த கல்தரையில் கால் பொசுங்கத் தத்தித் தத்தி ஓடுகிறவர்கள் ஒதுங்கி நின்று மூச்சு வாங்குவது அந்த நிழலில்தான். அங்கே நின்றுகொண்டே “இந்தக் கோயிலுக்கு நிழல் விழாது தெரியுமா?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறவர்களும் உண்டு.

பிறகு கதை எங்கிருந்து வந்தது? உச்சிவேளையிலிருந்து வந்திருக்கலாம். விமானம் அடியில் அகன்று, தளம் தளமாகக் குறுகிக்கொண்டே மேலே போகிறது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது உச்சிப் பகுதியின் நிழல் அதன் கீழ்த் தளங்களின் மீதே விழுந்துவிடும். தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை சூரியன் நண்பகலில் மிகச் சரியாக நேர் மேலே வரும். அந்த நேரத்தில் கோயில் வாசலில் நட்டுக்குத்தலாக நிற்கும் விளக்குக் கம்பத்துக்கும் நிழல் இருக்காது. அந்தக் கம்பத்தை யாரும் பொறியியல் அதிசயம் என்று சொல்வதில்லை.

ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயிலுக்கு இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டிய அவசியமே கிடையாது. கோயிலின் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை அவன் அங்கே குடியமர்த்தியதையும், ஒவ்வொருவரின் பெயரையும், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதையும் அந்தக் கோயிலின் கல்வெட்டு பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய முகவரிப் பதிவேடு! நண்பர்களை மடக்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. விடையும் கல்லில் இருக்கிறது.

“தேசிய விளையாட்டு ஹாக்கி, தேசிய மொழி இந்தி”

இரண்டாவது பாதியில் தமிழர்கள் பொதுவாக ஏமாறுவதில்லை. அரசியல் சட்டத்தின் 343ஆவது பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்றுதான் சொல்கிறது, தேசிய மொழி என்று எந்த மொழியையும் சொல்லவில்லை. வழுக்குவது ஹாக்கியில்தான். ஒலிம்பிக்கில் 8 தங்கம் வாங்கிய விளையாட்டு ஆயிற்றே, அதுதான் தேசிய விளையாட்டாக இருக்கும் என்று நாடே நம்பிக்கொண்டிருந்தது. 2012இல் ஒரு பள்ளி மாணவி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோதுதான், எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது.

“சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும்”

தெரியாது. நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சுவரின் அகலமோ பல இடங்களில் 10 மீட்டருக்கும் குறைவு. ஒற்றைத் தலைமுடியை நாலு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம் இது. இந்தச் செய்தி ‘ரிப்ளி’யின் ‘நம்பினால் நம்புங்கள்’ பகுதியில் 1932லேயே வந்துவிட்டது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961இல். யாரும் போய்ப் பார்ப்பதற்கு 29 வருடம் முன்பே பார்த்ததாகச் சொல்லிவிட்டார்கள்! 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டு வந்து, சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். அவர் நிலவுக்கெல்லாம் போகவில்லை. பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டரில்தான் இருந்தார்.

உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ ‘ஜன கண மன’வைத் தேர்ந்தெடுத்ததாக வாட்ஸ்அப்பில் வருவதும் இதே ரகம். யுனெஸ்கோ அப்படி ஒரு போட்டியே நடத்தவில்லை.

“புத்தகத்தில் இருக்கிறது, அப்புறம் எப்படித் தப்பாகும்?”

வாக்குவாதம் முற்றும்போது கைடைத் திறந்து காட்டுவார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டும்.

ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குச் செய்திகளைத் தொகுத்துக் கலைக்களஞ்சியம் போட்டவர். தன் உழைப்பை யாராவது காப்பி அடித்தால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று, வேண்டுமென்றே ஒரு பொய்யை உள்ளே நட்டு வைத்தார். பீட்டர் ஃபாக் நடித்த தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் ‘பிலிப்’ என்று எழுதினார். அந்தத் தொடரில் யாரும் அவரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. கனடாக்காரர்கள் இருவர் 1979இல் உருவாக்கி, உலகமெங்கும் சக்கைப்போடு போட்ட ‘டிரிவியல் பர்சூட்’ என்ற பொது அறிவு விளையாட்டில், அந்த ‘பிலிப்’ சரியான விடையாக வந்து உட்கார்ந்தது.

பொறியில் எலி விழுந்துவிட்டது. வொர்த் 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவருடைய புத்தகத்தையும் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள். தகவல்கள் யாருடைய சொத்தும் ஆகாது என்று நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. அதற்குள் எத்தனை வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் ‘பிலிப்’ என்று சொல்லி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்! ஒரு புத்தகத்தைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து மூன்றாவது என்று போனால், மூன்று புத்தகத்திலும் இருக்கிறது என்பது மூன்று சாட்சிகள் ஆகிவிடாது.

“தப்பாகச் சொன்னால் தப்புதான் மனதில் பதியும்”

பதில் சந்தேகமாக இருந்தால் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று சிலர் கூட்டத்தில் ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வுகள் சொல்வது வேறு. 2001இல் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பொது அறிவுக் கேள்விகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். அரைகுறை நம்பிக்கையோடு சொன்ன தப்புகளைவிட, அடித்துச் சொன்ன தப்புகளே திருத்தப்பட்ட பிறகு நன்றாக மாறின. சவடாலாகச் சொல்லி மூக்கறுபட்ட விடை மறக்காது என்பது அனுபவஸ்தர்களுக்கு முன்பே தெரியும்.

கேள்வி கேட்டுக்கொள்வது வெறும் பொழுதுபோக்கு, உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசிப்பதே படிப்பு என்பதும் நிற்காது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பூங்காக் கூட்டம் தெரிந்தோ தெரியாமலோ சரியான வழியில்தான் படிக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தப்பு அங்கேயே திருத்தப்பட வேண்டும். திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1977ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மாணவர்களிடம் சில செய்திகளைக் கொடுத்து, எந்த அளவுக்கு உண்மை என்று மதிப்பிடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த செய்திகளுக்கு, அவை பொய்யாகவே இருந்தாலும், நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. மெரினாவுக்கு இரண்டாமிடம் கிடைத்ததும் இப்படித்தான் இருக்கும்.

“ஒருமுறை படித்தால் போதும், பொது அறிவு மாறாது”

2006 ஆகஸ்டில் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து கழற்றிவிடப்பட்டது. கஜகஸ்தான் தன் தலைநகர் அஸ்தானாவுக்கு 2019இல் நூர்-சுல்தான் என்று பெயர் மாற்றி, 2022இல் மறுபடியும் அஸ்தானா என்றே வைத்துக்கொண்டது. நடுவில் அச்சான கைடுகளின் கதி என்ன? இந்தியாவின் ஒன்றியப் பிரதேசங்கள் 2019 அக்டோபரில் 9 ஆகி, 2020 ஜனவரியில் 8 ஆகிவிட்டன. இதையெல்லாம் மனப்பாடம் செய்தவனைக் குறை சொல்ல முடியாது. அவன் படித்தபோது அது சரியாகத்தான் இருந்தது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு சொல்லலாம் என்று அவகாசம் கொடுக்கிறது. பூங்காவில் கேள்வி கேட்பவருக்கும் அதே விதி பொருந்தும். “எங்கே பார்த்தே?” என்று நண்பன் கேட்டால் கோபப்படாமல் போனை எடுத்துத் தேடிப் பாருங்கள், முடிந்தால் இரண்டு இடங்களில். குறிப்பு நோட்டில் விடைக்குப் பக்கத்தில் அது எந்த வருட நிலவரம் என்பதையும் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 2019 தொடக்கத்தில் 32, அந்த வருடம் முடிவதற்குள் 37, மயிலாடுதுறை சேர்ந்த 2020 டிசம்பரிலிருந்து 38.