பிள்ளை பார்க்கும் அனிமேயில் தன்பால் காதல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பத்தாவது படிக்கும் பெண். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு படம்: ஐஸ் ஸ்கேட்டிங் ஷூ போட்ட இரண்டு இளைஞர்கள், நெற்றியோடு நெற்றி வைத்து நிற்கிறார்கள். அம்மா அந்தத் தாளைக் கிழித்தார். அப்பா போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு நெருக்கமான வீட்டில் நடந்தது இது. ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, தோழியின் போன் வழியாக ரசிகர் குரூப்பில் பழகிய ஒரு ஆள் அவளை மிரட்டி போட்டோ கேட்டுக்கொண்டிருந்தான் என்று. "ஏன்டி எங்ககிட்ட சொல்லலை?" என்று அம்மா அழுதபோது அவள் சொன்னது: "ஒரு படத்துக்கே அப்படிக் கிழிச்சீங்களே."

உங்கள் வீட்டில் அப்படி ஆக வேண்டாம். இன்று ராத்திரியே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• என்ன பார்க்கிறார்கள் என்று பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிய கார்ட்டூன் தொடர்களான அனிமே எல்லாம் ஒரே சரக்கு இல்லை. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளை ஜப்பானில் பாய்ஸ் லவ், சுருக்கமாக பி.எல். என்பார்கள். பெண்ணும் பெண்ணும் என்றால் யூரி. லில்லிப் பூவுக்கு ஜப்பானிய மொழியில் அதுதான் பெயர். இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கக்கூடிய மென்மையான கதைகள் உண்டு, பெரியவர்களுக்கு மட்டுமான அப்பட்டமான சமாசாரமும் உண்டு. பெயர் தெரியாமல் எதையும் அனுமதிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

• ஒரு எபிசோடாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 2016-ல் வந்த 'யூரி ஆன் ஐஸ்' நல்ல தொடக்கம், மொத்தமே 12 எபிசோடுதான். தலைப்பில் உள்ள யூரி ஹீரோவின் பெயர். அந்த யூரி வகையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். போட்டியில் கடைசி இடம் பிடித்த 23 வயது ஸ்கேட்டிங் வீரன் ஒருவன் டாய்லெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறான். பிறகு ஊருக்குத் திரும்பி, உடம்பு போட்டு, மறுபடி எழுகிறான். அவனுக்குப் பயிற்சி கொடுக்க வரும் ரஷ்ய சாம்பியனோடு காதல் வளர்கிறது. ஏழாவது எபிசோடில் வரும் முத்தத்தைக்கூடக் கை மறைத்துவிடும். பாதிக்கு மேல் கதை தோல்வி பயத்தைப் பற்றியது. பப்ளிக் எக்ஸாம் எழுதப்போகிற பிள்ளைக்கு அது ஏன் பிடிக்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

• வயது வரம்பை ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 2021 விதிகளின்படி இந்தியாவில் ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று குறிப்பிட்டாக வேண்டும். 13+ முதல் பெற்றோர் லாக் வசதியும் தர வேண்டும். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு, பின் நம்பரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அழகான ஓவியத்தை நம்பி ஏமாறாதீர்கள். 2018-ல் அனிமேயாக வந்த 'பனானா ஃபிஷ்' ஆஷ், எய்ஜி என்ற இரண்டு இளைஞர்களின் ஆழமான பிணைப்பைச் சொல்லும் கதை; ஆனால் அதற்குள் நியூயார்க் கும்பல் சண்டை, போதை மருந்து, சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமை எல்லாம் உண்டு. 13 வயதுக்கு அது வேண்டாம். அங்கே காரணம் கொடுமைக் காட்சிகள். தன்பால் காதல் இல்லை. அந்த வேறுபாட்டைப் பிள்ளையிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

• துக்கமான கதைகளைச் சேர்ந்து பாருங்கள். 2019-ன் 'கிவன்' தொடரில், கம்பி அறுந்த கிதாரைக் கட்டிக்கொண்டு பள்ளி மாடிப்படியில் தூங்கும் ஒரு பையன் வருகிறான். அது தற்கொலை செய்துகொண்ட அவன் காதலனுடைய கிதார். அருமையான படைப்பு, ஆனால் மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை அதைத் தனியாக ராத்திரி ஒரு மணிக்குப் பார்க்கக்கூடாது.

• சம்மதத்தைப் பற்றிப் பேசுங்கள், கதையை நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பழைய பி.எல். கதைகளில் ஒருவன் துரத்துபவன், இன்னொருவன் வேண்டாம் வேண்டாம் என்று வெட்கப்படுபவன். செமே, உகே என்று இரண்டுக்கும் பெயரே உண்டு. 2008-ன் 'ஜுன்ஜோ ரொமான்டிகா' இந்த வார்ப்புதான்: மறுப்பை வெட்கமாகவும் பலவந்தத்தைக் காதலாகவும் காட்டும். நம் சினிமாவில் ஹீரோ பஸ் ஸ்டாப் வரை துரத்திப் போய்க் காதலிப்பதைக் கைதட்டிப் பார்த்தவர்கள்தானே நாம்? ஆணும் பெண்ணும் வந்தால் ரசித்துவிட்டு, ஆணும் ஆணும் வரும்போது மட்டும் பதறினால் பிள்ளை உங்களை நம்பாது. இரண்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அவன் வேண்டாம்னு சொன்னானே, இவன் ஏன் நிறுத்தலை?" 2018-ன் 'ப்ளூம் இன்டு யூ'வில் ரயில்வே கேட் அருகே சீனியர் மாணவி கேட்காமலே முத்தம் கொடுக்கும் காட்சி இந்தப் பேச்சுக்குச் சரியான இடம். மறுபக்கம், 2022-ன் 'சசாகி அண்ட் மியானோ'வில் காதலைச் சொன்னவன் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கிறான். அதையும் சுட்டிக்காட்டுங்கள்.

• பெரியவருக்கும் சிறாருக்கும் இடையே காதல் காட்டினால் அங்கேயே 'இது தப்பு' என்று சொல்லுங்கள். ஜப்பானில் சம்மத வயது 2023 வரை 13. அந்த ஆண்டுதான் 16 ஆக்கினார்கள். இந்தியாவில் 18. போக்சோ சட்டம் பையன்களையும் பெண்களையும் ஒன்றுபோலவே காக்கிறது. பையனுக்கும் இது பொருந்தும் என்று பல வீடுகளில் தெரிவதில்லை.

• கதைக்கு வெளியே இருக்கும் ஜப்பானையும் காட்டுங்கள். அனிமேயைப் பார்த்து, அங்கே எல்லாம் சுலபம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஷிபுயா போன்ற உள்ளாட்சிகள் 2015 முதல் தன்பால் இணையருக்குச் சான்றிதழ் தருகின்றன. நாடு முழுவதற்குமான திருமணச் சட்டம் அவர்களை இன்னும் ஏற்கவில்லை. பி.எல். பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்காக எழுதும் வகை. 'இதில் எங்கள் வாழ்க்கை எங்கே?' என்று 1992-லேயே தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் தரப்பிலிருந்து சாத்தோ மசாகி கோபமாகக் கேட்டார். கெங்கோரோ தகாமே தானே தன்பாலீர்ப்பு கொண்டவர். அவர் வரைந்த 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்' காமிக்ஸைத் தேடிக் கொடுங்கள். இறந்துபோன தம்பியின் கனடாக்காரக் கணவன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அண்ணன் முறைத்துக்கொள்கிறான், அவனுடைய சின்ன மகள் கானாவோ, மாமா கிடைத்தார் என்று குதிக்கிறாள். அப்பாக்கள் படிக்க வேண்டிய புத்தகம் அது.

• பிள்ளை தன்னைப் பற்றி ஏதாவது சொன்னால் முதலில் கேளுங்கள். "சொன்னியே, அது போதும். நான் உன் பக்கம்தான்." அன்றைக்கு வேறு எதுவும் பேச வேண்டியதில்லை.

• 1098, 14416 இரண்டு நம்பரையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். முதலாவது சிறார் உதவிக்கு, இரண்டாவது டெலி மானஸ் மனநல உதவிக்கு. உங்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லட்டும்.

செய்யக்கூடாதவை

• போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேறு யார் போனிலாவது திருட்டு சைட்டுக்குப் போவார்கள். அங்கே வயது வரம்பும் இல்லை, லாக்கும் இல்லை. உங்கள் கண்ணில் படுவதும் நின்றுவிடும்.

• "இதைப் பார்த்துத்தான் இப்படி ஆயிட்டே" என்று சொல்லாதீர்கள். தன்பாலீர்ப்பு சீரியல் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆண்–பெண் காதல் படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த தலைமுறையிலும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் இருந்தார்கள், தனியாகத் தவித்தார்கள். முன்பே மனதில் இருந்த ஒன்றுக்கு ஒரு முகத்தையும் ஒரு பெயரையும் அனிமே தரலாம். பி.எல். ரசிகைகளில் பையன்களைக் காதலிக்கும் பெண்களும் ஏராளம். பார்ப்பதை வைத்துப் பிள்ளைக்கு முத்திரை குத்தவே முடியாது.

• "மாத்திக் காட்டுறேன்" என்று சொல்கிற யாரிடமும் கூட்டிப் போகாதீர்கள். டாக்டராக இருந்தாலும் சரி, சாமியாராக இருந்தாலும் சரி. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று இத்தகைய 'சிகிச்சை' முயற்சிகளுக்குத் தடை போட்டது. அதைச் செய்வது தொழில் நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. பணமும் போகும், பிள்ளையின் மனசும் உடையும். மாற்றுகிறேன் என்று சொல்லாத, பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற மனநல ஆலோசகர் என்றால் தாராளமாகப் போங்கள்.

• கதையை மாற்றிச் சொல்லி ஏமாற்றாதீர்கள். 'செய்லர் மூன்' தொடரில் 1994-ல் வந்த ஹருகாவும் மிச்சிருவும் காதலர்கள். 2000-ல் வந்த ஆங்கில டப்பிங்கில் அவர்களை ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று மாற்றினார்கள். பார்வையும் நெருக்கமும் அப்படியே இருந்தன, உறவுப் பெயர் மட்டும் மாறியது. முன்னைவிட விபரீதமாகப் போயிற்று. 2014-ல் தொடங்கிய புது டப்பிங்கில்தான் கதையைச் சரிசெய்தார்கள். குழந்தைகளுக்குக் கண் இருக்கிறது.

• "அவங்க சும்மா ஃப்ரெண்ட்ஸ்தான்" என்று அடித்துப் பேசாதீர்கள். 2022-ல் தொடங்கிய 'கண்டம்' (Gundam) வரிசை அனிமே 'தி விட்ச் ஃப்ரம் மெர்குரி'யில் இரண்டு பெண்களுக்கு முதல் எபிசோடிலேயே நிச்சயமாகிறது, கடைசி எபிசோடில் விரலில் மோதிரம் இருக்கிறது. பிறகு ஒரு பத்திரிகைப் பேட்டியில் வந்த 'திருமணம்' என்ற சொல் டிஜிட்டல் பதிப்பில் நீக்கப்பட்டது; பார்ப்பவர்களின் கற்பனைக்கே விடுகிறோம் என்றது தயாரிப்புத் தரப்பு. அதையே ரசிகர்கள் பொறுக்கவில்லை. வீட்டிலும் அந்தக் கதவை அடைக்காதீர்கள்.

• சித்தியிடமோ குடும்ப வாட்ஸ்அப்பிலோ சொல்லாதீர்கள். பிள்ளை நம்பிச் சொன்னதை வெளியே விட்டால் உயிருக்கே ஆபத்து. டோக்கியோவில் 2015-ல், நண்பன் குரூப் சாட்டில் போட்டு உடைத்த பிறகு, ஒரு சட்ட மாணவர் உயிரிழந்தார். அதன்பின் அவர் படித்த பல்கலைக்கழகம் இருக்கும் குனிதாச்சி நகரம், ஒருவர் அனுமதியின்றி அவரது பாலீர்ப்பை வெளியிடக்கூடாது என்று 2018-ல் விதியே கொண்டுவந்தது. கணவன், மனைவிக்குள் பேசுவதற்குக்கூடப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• ரசிகர் குரூப்களைக் கவனிக்காமல் விடாதீர்கள். ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. "நானும் உன்னை மாதிரிதான்" என்று தொடங்கி, வீட்டில் யாருக்கும் தெரியாதே என்பதை வைத்தே மிரட்டுவார்கள். முகம், ஸ்கூல் யூனிஃபார்ம், வயது மூன்றையும் அங்கே போடக்கூடாது என்று சொல்லி வையுங்கள். மிரட்டல் வந்துவிட்டால் பணம் அனுப்பாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீசுக்குப் போங்கள். ஏன் பேசினாய் என்ற விசாரணையை அன்றைக்கு வீட்டில் நடத்தாதீர்கள்.

• ஏற்கெனவே கத்தித் தீர்த்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தாளைக் கிழித்த அம்மா, போலீஸ் விஷயம் முடிந்த வாரம் ஒரு புது டிராயிங் நோட்டும் பென்சில் டப்பாவும் வாங்கி மகள் மேஜையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "அந்த ஸ்கேட்டிங் படத்தைப் போடு, நானும் பார்க்கிறேன்" என்றார். முதல் எபிசோட் முழுக்க இருவரும் பேசவில்லை. இரண்டாவதைப் போடுவதற்குள் மகள் பேசத் தொடங்கினாள்.