அரியணை ஏறாத அரசர்: ஹைதர் அலி

மன்னரை ஒதுக்கிவிட்டு மந்திரியோ தளபதியோ ஆட்சியைப் பிடிப்பது எல்லா நாட்டு வரலாற்றிலும் உண்டு. சீனாவில் வாங் மாங் என்ற அமைச்சர், பட்டத்துக்குரிய குழந்தைக்குப் பாதுகாவலராக இருந்து, கி.பி. 9-இல் தாமே பேரரசராக முடிசூடிக்கொண்டார். கி.பி. 23-இல் கிளர்ச்சியாளர்கள் தலைநகருக்குள் புகுந்து அவரைக் கொன்றனர். அவர் தொடங்கிய வம்சம் அவரோடு முடிந்தது.

நாம் பிழைக்க வந்த இந்தக் கன்னட மண்ணிலும் ஒருவர் ஆட்சியைக் கைப்பற்றினார். ஆனால் அரியணையில் மட்டும் அவர் உட்காரவில்லை. ஏன் என்பதே இப்பாடம்.

சிப்பாயும் தளவாயும்

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் மன்னர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் பெயரளவுக்கே மன்னர். தளவாய் தேவராஜரும், அவர் தம்பி சர்வாதிகாரி நஞ்சராஜருமே ஆண்டனர். 'சர்வாதிகாரி' அன்று ஒரு பதவியின் பெயர். இன்றைய பொருளில் அல்ல. ஆக, மன்னரின் அதிகாரம் ஹைதர் வருவதற்கு முன்பே பறிபோய்விட்டது.

கோலார் பக்கத்துப் பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்று விமான நிலையம் உள்ள தேவனஹள்ளியை 1749-இல் முற்றுகையிட்டபோது அவருடைய வீரம் நஞ்சராஜர் கண்ணில் பட்டது. 1755-இல் நமது திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பப்பட்டார். அங்கேதான் சொந்தப் படையும் பணமும் சேர்த்தார். கணக்குப் பார்த்தவர் கண்டே ராவ். பிறகு, சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்த மைசூர்ப் படையினரைச் சமாதானப்படுத்தியதும் ஹைதரே. பெங்களூர் அவருக்கு ஜாகீராகக் கிடைத்தது.

பெங்களூர் காத்த உயிர்

1760 ஆகஸ்டில், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு உதவ ஹைதரின் படையில் பெரும்பகுதி போயிருந்தது. அந்தச் சமயம் பார்த்து அரண்மனையாரும் கண்டே ராவும் சேர்ந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவரைத் தாக்கினர். குடும்பத்தை விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து பெங்களூருக்குத் தப்பினார். ரயில்வேயில் இருந்த காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலங்களைப் பார்வையிட நான் போனதுண்டு. ஆகஸ்டில் அங்கே ஆறு ஓடும் வேகத்தைக் கண்டவர்களுக்கு அந்த இரவின் ஆபத்து புரியும்.

பெங்களூர்க் கோட்டை அவருக்குக் கதவு திறந்தது. இவ்வூர் வணிகர்கள் கடன் கொடுத்தனர். அடுத்த ஆண்டே வென்றார். போரால் மட்டுமல்ல, பொய்க் கடிதங்களாலும்! தம் அதிகாரிகளே தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று கண்டே ராவை நம்பவைத்து ஓடச் செய்தார். அவரைக் கிளிபோல் வளர்ப்பேன் என்று வாக்களித்து, இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் போட்டார் என்பது வரலாறு.

தொடாத அரியணை

1761-இல் மன்னரின் செலவுக்கு மூன்று லட்சம் ரூபாய் வருவாயுள்ள நிலத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற நிர்வாகம் முழுவதையும் ஹைதர் ஏற்றார். தசரா தர்பாரில் உடையாரே வீற்றிருந்தார். ஹைதர் வெளியிட்ட பொன் வராகனில் ஒரு பக்கம் பழையபடி சிவனும் பார்வதியும்; மறுபக்கம் அவருடைய பெயரின் முதலெழுத்து மட்டும்.

இதைப் பெருந்தன்மை என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்த மன்னர் நஞ்சராஜ உடையார் 1770-இல் ஹைதரின் ஆணைப்படி கொல்லப்பட்டார் என்று மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். மக்கள் மரியாதை அந்தக் குடும்பத்தின் மீது இருந்தது. அதை எதிர்த்து ஆள்வதைவிட, அதன் பெயரால் ஆள்வது எளிது என்று ஹைதர் கணக்கிட்டார் என்றே நான் கருதுகிறேன். 1776-இல் மன்னர் வாரிசின்றி மறைந்தபோது, உறவினர் பிள்ளைகளிலிருந்து ஒரு சிறுவனை ஹைதரே தேர்ந்தெடுத்தார்.

தமிழ்நாட்டுக்கு அவரால் நன்மையும் வந்தது, துன்பமும் வந்தது. கணவரை இழந்த வேலு நாச்சியார் 1780-இல் சிவகங்கையை மீட்க அவருடைய உதவி கிடைத்தது. அதே ஆண்டு அவர் படை ஆற்காட்டுச் சீமையில் ஊர் ஊராகத் தீ வைத்தது.

மகன் செய்த மாற்றம்

1782 டிசம்பர் 7-இல் சித்தூர் அருகே ஹைதர் இறந்தார். மலபாரில் இருந்த திப்பு வந்து சேரும்வரை பூர்ணையா முதலியோர் சாவை மறைத்துவைத்தனர். உரிமையால் வராத ஆட்சிக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. திப்பு தம்மைப் பாதுஷா என்று அறிவித்துக்கொண்டார். 1796-இல் உடையார் மறைந்ததும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

1799 மே 4-இல் திப்பு போரில் வீழ்ந்தார். ஜூன் 30-இல் ஆங்கிலேயர் முடிசூட்டியது, ஐந்து வயது நிறையாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு. அவர் யார் தெரியுமா? ஹைதர் தேர்ந்தெடுத்த அந்தச் சிறுவனின் மகன்! ஹைதர் பெயருக்கு விட்டுவைத்த அரச குடும்பமே, அவருடைய வம்சம் போன பின்பும் நின்றது. அதிகாரத்தை ஒருவர் பிடுங்கிக்கொள்ளலாம். உரிமையோ மக்கள் மனத்தில் இருப்பது. அதைப் பிடுங்க முடியாது.

பிள்ளைகளோடு பேச

1. மன்னரை வைத்துக்கொண்டே ஆள்வது, மன்னரை நீக்கிவிட்டு ஆள்வது - இவற்றில் எது நேர்மை?

2. ஒருவர் திறமையாக ஆண்டால், ஆட்சிக்கு வந்த வழியை மறந்துவிடலாமா?

3. ஹைதர் 1760-இல் தொடங்கிய லால்பாக், 1761 முதல் கல்லால் கட்டிய கோட்டை இரண்டும் நம் ஊரிலேயே உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, இக்கேள்விகளை அங்கே உட்கார்ந்து பேசலாமே!