ஜெர்மனிக்காரர் கேட்கும் ஐபான்

கேள்வி: பீளமேட்டில் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து முன்பணம் அனுப்ப ஒருவர் 'ஐபான்' கேட்கிறார். பாஸ்புக்கில் ஐ.எஃப்.எஸ்.சி. மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகர், பீளமேடு

பதில்: பாஸ்புக்கை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காதுங்க. இந்திய வங்கிகள் ஐபான் தருவதே இல்லை. ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் புழங்குவது அது. நாடு, வங்கி, கணக்கு எண் மூன்றும் ஒரே சரமாக இருக்கும். ஜெர்மனிக்கு 22 இலக்கம், அமீரகத்துக்கு 23. அதில் நாட்டுக் குறியை அடுத்த இரண்டு எண்கள் காவல்காரன் மாதிரி. ஓர் இலக்கம் தப்பினாலும் கம்ப்யூட்டர் பிடித்துவிடும். நம் ஐ.எஃப்.எஸ்.சி.யில் அந்தக் காவல் இல்லை.

ஜெர்மனிக்காரருக்கு உங்கள் பெயர், கணக்கு எண், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு போதும். ஸ்டேட் பாங்க் என்றால் எஸ்.பி.ஐ.என். வங்கி, ஐ.என். இந்தியா, பி.பி. இடம், ஆக 8 எழுத்து. கிளைக்கென்று தனியாக இருந்தால் இன்னும் 3 சேரும். எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் கிடையாது. "வெளிநாட்டுப் பணம் எந்தக் கிளை வழியா வருதுங்க?" என்று மேனேஜரிடம் கேட்டு, எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பணம் எதற்கு என்றும் கேட்பார்கள். இன்வாய்ஸ் கையில் இருக்கட்டும்.

ஐ.எஃப்.எஸ்.சி.யையும் சேர்த்தே அனுப்புங்கள். அதன் ஐந்தாம் இடத்தில் இருப்பது பூஜ்யம், 'ஓ' அல்ல. பழைய சிண்டிகேட் பாங்க் கணக்கா? 2020-ல் கனராவோடு சேர்ந்தபின் குறியீடே மாறிவிட்டது. செக்கின் அடியில் 641 என்று தொடங்குவது எம்.ஐ.சி.ஆர்.; அது கோவைக்கான அடையாளம், ஜெர்மனிக்காரருக்கு வேண்டாம்.